முன்பாரமா, பின்பாரமா?

ஏலேய் பேராண்டி, ஒன் ரிமோட் பிளேன் இன்னிக்கும் கருவேலங்காட்டுலதான் எறங்கிருக்கு. முள்ளுக்குள்ள போயி நான்தான் எடுத்தாந்தேன், கூலி வேண்டாம். காத்து சரியில்ல, ரேடியோ சரியில்ல, சர்வோ சரியில்லங்குத. எங்காலத்துல வண்டி குடைசாஞ்சா மாட்டைத் திட்டுவோம். மாடாவது திரும்பிப் பாக்கும்.

நான் பாரவண்டி ஓட்டுனவன். பின்பாரம் ஏறிட்டா நுகத்தடி மேல தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்பாரம்னா கழுத்துதான் புண்ணாகும், வண்டி வீடு வந்துரும். ஒன் பிளேனுக்கும் இதே கதைதான். றெக்கையோட சராசரி அகலத்துல, முன்விளிம்புல இருந்து நூத்துக்கு 25ல இருந்து 33 பங்குக்குள்ள ரெண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்குனா, மட்டமா நிக்கணும். பேட்டரியை மாட்டிட்டுத் தூக்குலே! நேத்து அதைச் சார்ஜுல போட்டுட்டு வெறும் ஒடம்பை நிறுத்திப் பாத்தியே, அது மாப்பிள்ளை இல்லாம நடத்துன கல்யாணம்.

அடுத்தாப்புல, மூக்குல ஒரு விரல், வாலுல ஒரு விரல். எந்த றெக்கை தாழுதோ, அதுக்கு எதிர் றெக்கை நுனியில துளி ஈயம். நீ என்ன செஞ்ச? ஏலரான் ட்ரிம்மை இழுத்துச் சரிக்கட்டுன. நேராப் போகையில அது நல்லபிள்ளையா நடிக்கும். லூப்புல இழுத்தியோ, கனத்த றெக்கை சாஞ்சு காட்டிக் கொடுத்துரும்.

மூணு ஞாயித்துக்கிழமையா ஒங்க கூட்டாளிக பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். பாரம் எந்தப் பக்கம்னு பாக்க, 45 டிகிரியில ஏறவிட்டு, மல்லாக்கப் புரட்டி, ஸ்டிக்கை விட்டுரணுமாம். சட்டுனு தரையைப் பாத்துக் குனிஞ்சா மூக்குப்பாரம். நேத்து ஒன்னோடது பருந்து மாதிரி மேல மேல தூக்குச்சே, அது வால்பாரம். அதுக்கு ஈயத்தைக் கொட்டாத, பேட்டரியை நகத்து. உலகப்போட்டியில ரிமோட் பிளேன் வித்தை காட்டுத எஃப்3ஏ-காரனுக்கு நீளமும் றெக்கையும் ரெண்டு ரெண்டு மீட்டர்தான், எடைக்கும் உச்சவரம்பு. அவன் கிராம் கிராமாச் செதுக்குதான். நீ வலைக்குக் கட்டுத மாதிரி ஈயம் கட்டுத.

செங்குத்தா ஏறையில இடது பக்கம் இழுத்தா ரடர் ட்ரிம்மைத் தொடாத. மோட்டார் மவுண்டுக்கு இடது ஓரத்துல ஒரு வாஷரைக் கொடு. மூக்கு வலது பக்கம் லேசாத் திரும்பிக்கிடும்.

ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும், கேட்டியா? மூணு வைத்தியன் மருந்தை ஒண்ணாக் குடிச்சவ ஒங்க பாட்டி. எது கேட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்கே தெரியாது, மூணு பேருக்கும் கோழி அடிச்சுப் போட்டா.

பேட்டரியை அரை விரக்கடை முன்னால தள்ளிட்டியா? சரி, ஏத்து. நான் அந்தப் புளியமரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிடுதேன்.