யாருக்கு உடம்பு சரியில்லை?

தமிழ்நாட்டு வீட்டுக்குள் பிரெட் நுழைய ஒரு காரணம் வேண்டும். பெரும்பாலும் அது காய்ச்சலாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பிரெட் பாக்கெட்டும் அரை டஜன் சாத்துக்குடியும் இருக்கும். படுத்திருப்பவர் அதைப் பாலில் நனைத்துத் தின்பார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் இட்லிக்குத் திரும்பிவிடுவார். மிச்சத் துண்டுகள் காக்காய்க்கு.

அப்படிப்பட்ட ஊரில், சென்னை மந்தைவெளியில் குடியிருக்கும் பேங்க்காரர் ஒருவர், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், வீட்டிலேயே பிரெட் போடுவது என்று முடிவெடுத்தார். அது 2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்குக் காலம். லண்டனிலும் நியூயார்க்கிலும் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோகும் அளவுக்கு ஜனங்கள் ஓவனே கதி என்று கிடந்தார்கள். பிரிட்டனில் மாவுக்கும் தட்டுப்பாடு. ஆலைகளில் மாவு இல்லாமல் இல்லை; பேக்கரிகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பிப் பழகியவர்களால் வீட்டுக்கான சின்ன பாக்கெட்டுகளை அத்தனை வேகத்தில் போட முடியவில்லை. பேங்க்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. அண்ணாச்சி கடையில் மைதா இருந்தது. பீட்சா செய்யப்போவதாக மகள் வாங்கிவைத்து மறந்த ஈஸ்ட், ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது.

'வெதுவெதுப்பான நீரில் ஈஸ்டைக் கரைக்கவும்' என்றது செய்முறை. டிகாக்‌ஷன் இறக்குகிற வீட்டில் வெதுவெதுப்பு என்பதற்கு அளவுகோலே வேறு. ஈஸ்ட் வெறும் பொடியல்ல. ஒற்றைச் செல் பூஞ்சை. உலர்ந்த நிலையில் தூங்கிக்கொண்டிருக்கும். 40 டிகிரி நீரில் விழித்துக்கொள்ளும், 60 டிகிரியில் செத்துப்போகும். பேங்க்காரர் ஒரு டீஸ்பூனில் இருந்த கோடிக்கணக்கான ஜீவன்களை வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட்டு, அவை பொங்கி வரட்டும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தார்.

ஓவனிலிருந்து வெளிவந்ததை அவருடைய அம்மா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அம்மிக்குக் குழவி இல்லேன்னு உன்கிட்ட யார்டா சொன்னா?"

இரண்டாவது தடவை தண்ணீர் சரியாக இருந்தது. கோளாறு கடிகாரத்தில். 'கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்' என்று எழுதியவர் 22 டிகிரி சமையலறையில் நின்று எழுதியிருக்கிறார். சித்திரை மாதச் சென்னையில் கதகதப்பான இடத்தைத் தேட வேண்டியதில்லை. கதகதப்பில்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். பேங்க்காரர் மேலதிகாரியின் வீடியோ மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாவு கிண்ணத்தைத் தாண்டி மேடையில் இறங்கிவிட்டது. அள்ளிப்போட்டு ஓவனில் வைத்தால், பொங்கியதெல்லாம் அமுங்கி நடுவில் குழி விழுந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை.

"என்னடா, கள்ளு வாடை அடிக்குது?" என்றார் அம்மா.

டாஸ்மாக் மூடியிருந்த மாதம் அது. மனைவி பார்த்த பார்வையில் பேங்க்காரர் லூயி பாஸ்டரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. நொதித்தல் என்பது உயிர்கள் செய்யும் வேலை என்று பாஸ்டர் 1857-லேயே எழுதிவிட்டார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் விடுகிறது. வாயு மாவை உப்ப வைக்கும். ஆல்கஹாலில் பெரும்பகுதி ஓவன் சூட்டில் பறந்துவிடும். மனைவி முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் அம்மாவின் மூக்கு தப்புச் சொல்லவில்லை. கோவாவில் போர்த்துகீசியரின் ரொட்டிக்கு மாவைப் பொங்க வைத்தது தென்னங்கள்தான். அவர்கள் ரொட்டிக்குச் சொன்ன பெயர்தான் மும்பையில் பாவ், இலங்கையில் பாண். யாழ்ப்பாணத்தில் ஒரு றாத்தல் பாணும் சம்பலும் அன்றாடச் சாப்பாடு. காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலங்கைத் தெருக்களில் பீத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டை ஒலித்துக்கொண்டு ஆட்டோவே பாணைக் கொண்டுவந்துவிடும். பேங்க்காரர் தன் சோகத்தைப் போனில் சொன்னபோது, யாழ்ப்பாணத்து நண்பர் நிஜமாகவே குழம்பிப்போனார். "பாணை வீட்டிலை சுடுறியளோ? ஏன், அங்கை பேக்கரி இல்லையோ?"

மூன்றாவது தடவை அம்மா அடுக்களைக்கே வந்துவிட்டார். ஐம்பது வருஷமாக இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர். உளுந்தோடு கூடவே வரும் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் அதை உப்ப வைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் இல்லை. மார்கழியில் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றுவார். சித்திரையில் பாத்திரத்துக்கு அடியில் தாம்பாளம் வைப்பார், வழிந்தால் பிடிக்க.

"மணியைப் பாக்காதே, மாவைப் பாரு," என்றார்.

அரை கிலோ மைதா, 320 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரே ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பதினைந்து நிமிஷம் பிசைந்ததில் பேங்க்காரரின் பனியன் நனைந்தது. மைதாவிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்ள அந்த அடி உதை தேவை. பரோட்டா மாஸ்டர் மாவை வேட்டி மாதிரி விசிறும்போது கிழியாமல் காப்பதும் அதே வலைதான். துளி மாவை எடுத்து விரல்களால் இழுத்தால், ஜன்னல் வெளிச்சம் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். தெரிந்தது.

முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்கானது. உருண்டைகளாக்கித் தட்டில் நெருக்கி வைத்து, மறுபடி பொங்க விட்டார்கள். அம்மா ஆள்காட்டி விரலில் மாவு தொட்டு ஓர் உருண்டையை அழுத்தினார். குழி சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரமாகவில்லை, வராமலே கிடந்தால் நேரம் தாண்டிவிட்டது. இது, சோம்பலாகப் பாதிவரை வந்து நின்றது. "இப்ப வை."

200 டிகிரியில் இருபது நிமிஷம். பன்னின் அடிப்பக்கத்தைத் தட்டினால், முற்றின தேங்காயைச் சுண்டியது போலக் கணீரென்றது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பிய்த்தபோது ஆவியோடு நூல் நூலாகப் பிரிந்தது. ஆறுவதற்குள் அம்மா இரண்டு சாப்பிட்டுவிட்டார். உள்ளே ஸ்டார்ச் இறுகும்வரை பொறுக்க வேண்டும் என்ற விஞ்ஞானத்தைக் கேட்க ஆளில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறட்டுத் தன்மை வந்துவிடும் என்பதால், மீதியைச் சூட்டோடு சூடாக விநியோகம் செய்வதென்று தீர்மானமாயிற்று.

பேங்க்காரர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் ஆறு பன்களோடு எதிர் ஃபிளாட் மணியை அடித்தார். கதவு ஒரு சாண் திறந்தது. எதிர்வீட்டு மாமி தட்டைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார்.

"ஐயையோ, யாருக்கு ஜுரம்? கார்ப்பரேஷனுக்குச் சொல்லிட்டேளா?"

பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை தட்டு இவர்கள் வாசலுக்கு வந்திருந்தது, பளபளவென்று தேய்த்து. தட்டைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் மாமிக்குக் கிடையாது. நடுவில் ஒரு பொட்டலம் இருந்தது: கபசுரக் குடிநீர்ப் பொடி.