வழுக்குகிற வாத்தியம்

மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஏறி இறங்கி வளர்ந்தவனுக்கு வழுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் லேப் ஸ்டீல் கிட்டார் ஒன்று வாங்கினேன். மடியில் படுக்க வைத்து, நரம்புகள் மேல் இரும்புக் கட்டையை வழுக்கவிட்டு வாசிப்பார்களே, ஹவாய்க் கிட்டார், அதே இனம்.

கொழும்பிலிருந்து மச்சான் பஸ்ஸில் கொண்டுவந்தான். மலிவு. எவ்வளவு மலிவு என்பது சுருதி கூட்டும்போது தெரிந்தது. பிருடையைத் திருகிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து வருவதற்குள் ஆறு நரம்பில் நாலு இறங்கிக் கிடந்தன. ஹட்டன் குளிர் மேல் பழியைப் போடலாம். ஆனால் தம்பியின் சாதாரண கிட்டாரும் அதே குளிரில்தான் தொங்குகிறது.

1880களில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பையன் தண்டவாளத்தில் கிடந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கி நரம்பில் தேய்த்துப் பார்த்தானாம். அப்படிப் பிறந்தது இது என்று ஒரு கதை. நம் மலையிலும் நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். தண்டவாளத்தோரமாகவே பள்ளிக்கூடம் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு போல்ட் கூடவா அகப்படவில்லை? அகப்பட்டிருக்கும். பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

லேப் ஸ்டீலில் மெட்டு கிடையாது, கோடுதான் போட்டிருக்கும். சாதாரண கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் போதும். இதிலோ கட்டை கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் சுரம் அழுதுவிடும். வழுக்குவது எனக்குப் பிரச்சினையே இல்லை. நிற்பதுதான். கோட்டுவாத்தியக்காரர்கள் இருபத்தொரு நரம்பை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள் என்று நினைத்தாலே கை நடுங்கியது. விஸ்வ மோகன் பட் மோகன வீணையை மடியில் வைத்து வாசித்து, 1994இல் கிராமி விருதே வாங்கினார். நான் வாங்கியது வேறு.

தோட்டத்து லய வீடுகளில் சுவர் கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்லை. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு, அடியிலிருந்து உச்சிவரை கட்டையை ஒரே இழுப்பாக இழுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாயி கதவைத் தட்டினார். நாற்பது வருசம் கொழுந்தெடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். தலையில் முக்காடு, கையில் கூடை.

"ஏன் தம்பி, வேலைப் பெரட்டுக்குச் சங்கு ஊதிட்டாங்களா? இன்னும் விடியவே இல்லையே!"

மூன்று வாரம் விடாமல் பழகினேன். கட்டைக்குப் பின்னால் விரல்களை மெதுவாகப் பதித்து, வேண்டாத இரைச்சலை அமுக்கக் கற்றேன். ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவி, ஏறக்குறைய பல்லவி மாதிரியே வந்தது. மறுநாள் காலை பீலிக்கரையில் அம்மாயியைக் கண்டேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"நேத்து ராத்திரி ஊதினது நம்ம சங்கு இல்ல தம்பி," என்றார். "கொஞ்சம் ராகமா இருந்திச்சி. மேல் டிவிசன்ல புதுசு மாட்டியிருக்காங்க போல."