மருமவனே, மொதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வையும்

வாழ்த்துக்கள் மருமவனே. 1978-ம் வருஷத்து அம்பாசடரை வாங்கி வாசல்ல நிறுத்தி, அது முக்கி முனங்குதுன்னு காயில், கார்பரேட்டர், பெட்ரோல் பம்பு மூணையும் புதுசா மாத்திப்புட்டீராமே. வண்டி இன்னமும் மிஸ் அடிக்குதாமே. விட்டுராதேயும். மாத்தாத சாமான் இன்னும் எத்தனையோ கெடக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரு மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு, உம்மை நம்பித்தான் தேதியே குறிச்சிருப்பாரு.

கெழவன் பேச்சையும் ஒருதரம் கேப்போம்னு தோணிச்சுன்னா, கேளும். அந்த வண்டில கம்ப்யூட்டர் கிடையாது. செல்போனைத் தடவினா கோளாறு சொல்லாது. 1489 சிசி, நாலு சிலிண்டர். எரியணும்னா நெருப்பு வேணும், பெட்ரோலும் காத்தும் அளவாக் கலந்து வரணும், வந்தது வெளிய கசியாம உள்ள அமுங்கணும். இதுல எது கொறையுதுன்னு தெரியாம பர்ஸைத் தொறக்கப்படாது.

வண்டிய ஸ்டார்ட்ல விட்டு, பிளக் வயரை ஒவ்வொண்ணா உருவிப் பாரும். வெறுங்கைய வச்சுராதேயும், காயில் உம்ம பட்டத்தைப் பாக்காது, தோள்பட்டை வரைக்கும் சுண்டிவிடும். ரப்பர் பிடி போட்ட பிளையர் எதுக்கு வாங்கி வச்சிருக்கீரு? ஒரு வயரை உருவினதும் என்ஜின் இன்னும் தள்ளாடிச்சுன்னா, அந்தச் சிலிண்டர் அதுவரைக்கும் ஒழுங்கா வேலை பாத்திருக்குன்னு அர்த்தம். உருவியும் ஒரு மாத்தமும் இல்லையா, ஆள் அம்புட்டாச்சு. ஆபீஸ்லயும் இப்படி ஒவ்வொருத்தரா உருவிப் பாக்க வழி இருந்தா எவ்வளவோ நல்லாருக்கும், நமக்கு எதுக்கு அது.

அந்தச் சிலிண்டரு பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல பிடியும். நுனி லேசான பழுப்பா இருந்தா குத்தமில்ல. காஞ்ச கரியா அப்பியிருந்தா பெட்ரோல் கூடுதலாப் போகுது. சோக் முழுசாத் திரும்பலையா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாரும். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் மேல ஏறுது. வெளுத்துப் போயிருந்தா பெட்ரோல் பத்தல, இல்லன்னா சூடு மிஞ்சிருக்கு. பிறவு அதே பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாத்தி மாட்டும். கோளாறும் கூடவே பக்கத்துக்குப் போச்சுன்னா பிளக்தான் குத்தவாளி. பைசா செலவில்ல, அதனாலதான் உமக்குப் பிடிக்காது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்தீரா? தொறந்திருக்க மாட்டீரு. உள்ள பாயிண்ட் கருகிக் குழிவிழுந்து கெடந்தா, நீரு காயில் கடையே வச்சாலும் பொறி நீலமா வராது, மஞ்சளா நொண்டும். உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு, பதினஞ்சு தவ் கேஜ் நுழையுத அளவுக்கு இடைவெளி வையும்; தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. திரும்பத் திரும்பக் கருகுதுன்னா கண்டன்சரைப் பாரும். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு எர்த் வயர் போகும். அது துருப்பிடிச்சு செல்ஃப் இழுக்கலன்னு ஊர்ல பாதிப்பேரு புது பேட்டரி வாங்குதான்.

நெருப்பும் பெட்ரோலும் சரியா இருந்தா, ஒரு கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கும். காத்துக் கொறையுத சிலிண்டருக்குள்ள பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளந்து பாரும். அளவு ஏறிச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு. அசையலன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கட். ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி படிஞ்சு, ரேடியேட்டர் தண்ணியும் காரணமில்லாமக் கொறஞ்சா கேஸ்கட் மேல சந்தேகப்படும். சூட்டோட ரேடியேட்டர் மூடியத் திருகிராதேயும். எம் மவளுக்கு உம்ம மூஞ்சி இப்ப இருக்குத லட்சணமே போதும். ஷெட்டைச் சாத்திக்கிட்டு என்ஜினை ஓட விடாதேயும். அதுல வார கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆளை எழுப்பாமலே கொண்டு போயிரும்.

சித்திரை வெயில்ல நல்லா ஓடின வண்டி, டீக் குடிச்சிட்டு வந்து செல்ஃப் அடிச்சா உறுமிட்டு நின்னு போகுதா? பெட்ரோல் லைன்ல ஆவி கட்டிருக்கும். பம்பு மேல ஈரத்துணியப் போட்டுட்டு இன்னொரு டீயைச் சொல்லும். நீரு புதுப் பம்பு வாங்கினது இதுக்குத்தான்னு கேள்விப்பட்டேன். சிரிக்கல, சும்மா இருமல். இப்ப பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் கலந்து வருது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதுக்குத் தாங்காது. ஊறி வெடிப்பு விடும். புதுசு வாங்கியே தீருவேன்னு அடம்பிடிச்சா, அந்த ஹோஸை மாத்தும்.

கடைசில டேப்பட். தட்டுற சத்தம் தாங்கலன்னு இறுக்கிட்டீராமே. இதுக்கும் பதினஞ்சு தவ்வுதான், என்ஜின் ஆறினப்புறம். இடைவெளி இல்லாம இறுக்கினா வால்வு முழுசா மூடாது, எரிஞ்சு போகும். லேசாத் தட்டுற டேப்பட்டுக்குப் பயப்பட வேண்டாம்; சத்தமே இல்லாத டேப்பட்டுக்குத்தான் பயப்படணும். எம் மவ ரெண்டு நாளா வாயே தொறக்கலன்னு பேரப்பய வந்து சொல்லுதான். போயி அதைப் பாரும், வண்டி எங்கயும் ஓடிறாது.