கால்பந்து யாத்திரையும் 'பார்க்கலாம்' என்னும் வினைமுற்றும்

அயல்நாட்டு மைதானமொன்றில் தன் தேசத்து அணி பந்தாடுவதைக் கண்ணாரக் காணும்பொருட்டு ஒருவன் மேற்கொள்ளும் பிரயாணம் கால்பந்து யாத்திரை எனப்படும். இதனை முறைப்படி ஆராய்ந்தவர் இதுவரை ஒருவருமிலர் என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பது ஆராய்ச்சியாளருக்கு அழகு. ஒருவரும் ஆராயாமைக்குக் காரணம் அது ஆராயத் தக்கதன்று என்பதாகவும் இருக்கலாமே என்ற சந்தேகத்தை அடிக்குறிப்பில் புதைத்துவிடுவது மரபு. இங்கே அடிக்குறிப்புக்கு இடமில்லை. ஆகையால் அந்தச் சந்தேகத்தை அடியோடு விட்டுவிடுகிறேன்.

ஆராய்ச்சியின் களம் பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறிப் பயிர்த்தொழில் செய்து பிழைக்கட்டும் என்ற நோக்கத்தோடு 1882-இல் ஏற்பட்ட இவ்வூர், அதற்காகப் பாடுபட்ட வைட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இப்பெயரை 'வெண்புலம்' என்று தமிழாக்கிக்கொண்டு, வெண்மைக்குக் காரணம் சுண்ணாம்புப் பாறையா, நாணற்பூவா, அல்லது பனிமூட்டமா என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அது ஒரு மனிதருடைய பெயர் என்று நான் ஒருநாள் மின்தூக்கியில் விண்ணப்பித்துக்கொண்டபோது, சற்றே யோசித்துவிட்டு, "அப்படியும் ஒரு கருத்து உண்டு" என்றார்.

மூல ஆதாரம் ஒன்றே. 2023 மே மாதம் தோஹாவில் சீட்டுக் குலுக்கி, ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று தேசங்களோடும் பொருத வேண்டும் என்று தீர்மானமான அன்றிரவே, ஹோப் ஃபார்ம் சந்திப்பை அடுத்த எங்கள் குடியிருப்பில் ஐவர் கூடித் தொடங்கிய வாட்ஸப் குழு அது. அதனை இனிச் 'சுவடி' என்றே வழங்குவேன். போட்டியின் பெயரிலேயே ஒரு காலவழு இருப்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். சீனம் நடத்துவதாக ஏற்றுப் பின் கைவிட, கத்தார் கைக்கொண்டு 2024-இல் நடத்திய பிறகும் அதன் பெயர் 2023 ஆசியக் கோப்பை என்றே நின்றது. ஆயிரம் ஆண்டு கழித்து வரும் சரித்திர ஆசிரியர்கள் இவ்வோராண்டு வித்தியாசத்தை வைத்து இரு கட்சியாகப் பிரிந்து பட்டங்கள் பெறுவார்கள் என்பதில் ஐயமில்லை.

யாத்திரிகர், டிக்கெட் வாங்குவோர், வாங்காதோர், கொடி மட்டும் வாங்குவோர் என மூவகையர். மூன்றாம் வகையாரே பெரும்பான்மையோர்.

விசா, இந்தியருக்குக் கத்தாரில் இறங்கியவுடனேயே கிடைக்கிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு உபயோகமற்றது.

தங்குமிடம் பற்றிய அதிகாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. பந்து என்பது உதைக்கப்படும் உருண்டையையும் குறிக்கும். வடமொழி வழியாக உறவினரையும் குறிக்கும். தோஹாவில் ஒரு பந்து இருந்தாலொழிய தோஹாவில் பந்தாட்டம் காண இயலாது என்பது சுவடியில் எவரும் மறுக்காத ஒரே சூத்திரம். என் சின்னம்மாவின் மருமகன் அங்கே இருக்கிறார் என்று நான் அறிவித்த மறுகணமே அவருக்கு எத்தனை படுக்கையறை என்ற வினா எழுந்தது. உதைபடுவது இருவகைப் பந்துக்கும் பொது இலக்கணம் என்பதை நான்காம் மாடிப் பேராசிரியர் தனியே எடுத்துக் காட்டினார். சொல் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் இருந்தால் அங்கே ஒரு மகாநாடே கூட்டிவிடக் கூடியவர் அவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுவடியில் மிகுதியும் பயின்றுவரும் சொல் 'பார்க்கலாம்' என்பது. "ஜனவரி பதின்மூன்று, சனிக்கிழமை, ஆஸ்திரேலியா மேட்ச், போவோமா?" என்ற வினாவுக்கு ஐவரில் நால்வர் இறுத்த விடை அது. ஆட்டத்தை நேரில் பார்க்கலாம் என்று உடன்பட்டார்களா, அல்லது அப்போதைக்கு அப்போது பார்க்கலாம் என்று நழுவினார்களா? தமிழில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது தற்செயலன்று என்று துணிகிறேன். காண்பதற்கும் காணாமற்போவதற்கும் ஒரே வினைமுற்றை வைத்துக்கொண்ட நம் முன்னோர்கள், வருங்காலத்தில் தம் சந்ததியாருக்கு இந்தியக் கால்பந்து அணி ஒன்று வாய்க்கும் என்பதைத் தீர்க்க திருஷ்டியால் உணர்ந்திருக்க வேண்டும்.

இச்சொல்லைப் பதம் பிரிப்பதில் இரண்டு மதங்கள் உண்டு. முதல் மதத்தார், 'பார்க்கல்' என்னும் தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்தது என்பர். பார்த்தல் ஆகும், பார்த்தல் தகும் என்பது பொருள். ஆம் என்பது உடன்பாடாகவும் இருப்பதால், இவ்வாறு பிரிப்போர் நம்பிக்கையுடையோர், டிக்கெட் விலையை அடிக்கடி விசாரிப்போர், பெரும்பாலும் மணமாகாதோர். இரண்டாம் மதத்தார், பேச்சு வழக்கில் பார்க்கவில்லை என்பதற்குப் 'பார்க்கல' என்றே சொல்கிறோமாதலால், அந்தப் 'பார்க்கல'வோடு, பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் 'ஆம்' புணர்ந்தது என்பர். அவர்கள் கொள்கைப்படி பார்க்கலாம் என்பதன் பொருள், 'பார்க்கவில்லையாம்' என்பதே. நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவும், அதையும் வேறொருவர் வாயால் கேள்விப்பட்டதாகவும் சொல்லும் இவ்வினைமுற்றுக்கு இடந்தராமல் காலத்தை மூன்றே மூன்றாக வகுத்துவிட்டார்களே இலக்கண ஆசிரியர்கள் என்று இம்மதத்தார் வருந்துவதுண்டு. பதம் பிரித்தவன் அடியேன் என்பதாலன்றி, உண்மை என்பதாலேயே நானும் இம்மதத்தைச் சார்ந்தேன் என்று நம்ப வேண்டுகிறேன்.

பாடபேதங்கள் பல. 'பாக்கலாம்' என்று ரகர ஒற்றுக் கெட்டு வருவது கீழ்மாடிப் பாடம். 'பாப்போம்' என்பது திருநெல்வேலிக்காரராகிய ஆறாம் மாடியாருடையது; தன்மைப் பன்மையாதலின் பொறுப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. 'பாக்கலாம் ஜி' என்பதில் வரும் ஜி, மறுப்பின் கூர்மையை மழுக்க வந்த இடைச்சொல். சொல்லின்றிக் கட்டைவிரல் மட்டும் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. அதைச் சம்மதம் என்பாரும், பார்வையிட்டதற்கு முத்திரை என்பாரும், பஸ்ஸில் கைதவறி அழுத்தியது என்பாரும் உளர். ஆகஸ்டு மாதம் இரவு 11.42-க்கு இடப்பட்டு, மறுநாட் காலைக்குள் 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்ற தழும்பு மட்டும் எஞ்சி நிற்கும் ஏட்டைப் பற்றி இரண்டு அத்தியாயம் எழுத உத்தேசித்திருக்கிறேன். ஏட்டில் இல்லாததைக் குறித்தே அதிகம் எழுதுவது நம் பதிப்பாசிரியர்களின் தொன்றுதொட்ட வழக்கமாதலால் என்னை எவரும் குறை கூற இயலாது. நீக்கியவரிடமே கேட்டுவிடலாமே என்று என் மனைவி சொன்னாள். மூலநூலாசிரியர் உயிரோடிருப்பது ஆராய்ச்சிக்கு எத்தகைய இடையூறு என்பதை அவள் அறியாள்.

நான் இட்ட எல்லாச் செய்திக்கும் நேரே நீலக் குறி விழுந்திருக்கிறது. எல்லோரும் பார்த்தாயிற்று, பார்த்துவிட்டுத்தான் பார்க்கலாம் என்கிறார்கள். இதில் உள்ள தத்துவ விரோதத்தைத் தீர்க்க என்னால் இயலவில்லை.

சொல்லின் தொன்மையை நிறுவுவது என் கடமை. இந்தியக் கால்பந்தின் முதல் பார்க்கலாம் 1950-க்கு உரியது. அதற்கு இரண்டாண்டு முன்னர், லண்டன் ஒலிம்பிக்ஸில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய நம் அணி, இரண்டு பெனால்டிகளை வீணடித்தும் ஒன்றுக்கு இரண்டு என்றே பிரான்ஸிடம் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். பிறகு பிரேசிலில் உலகக் கோப்பை என்றார்கள். பர்மாவும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் விலகிக்கொண்டபடியால், ஓர் ஆட்டமும் ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரையும் எழுதினார்கள். பின்னர், ஓர் ஆட்டமும் ஆடாமலே நாம் விலகினோம். வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பது கதை. அணித் தேர்வில் கருத்து வேற்றுமை, பயிற்சிக்குப் போதிய அவகாசமின்மை என்பவை அன்று சொல்லப்பட்ட காரணங்கள். கப்பற்பிரயாணம் நெடியது என்பதும், ஒலிம்பிக்ஸே பெரிதென்றும் உலகக் கோப்பை அத்தனை பெரிதன்றென்றும் அக்காலத்தார் நினைத்தனர் என்பதும் பிற்காலத்தார் கண்ட காரணங்கள். இத்தனை காரணங்களையும் தன்னுள் அடக்க வல்ல ஒரே சொல் எங்கள் சுவடியில் இருக்கிறதென்பதை எந்தச் சரித்திரக்காரரும் கவனிக்கவில்லை. அணியே போகாமல் நின்ற தேசத்தில் ரசிகன் போகாமல் நிற்பதை ஒழுக்கக்கேடு என்பது நியாயமாகுமா?

போன சந்தர்ப்பமும் உண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், மைதானம் நிறைந்த கூட்டம் நம்மவரை ஏசிக் கூச்சலிட, பீட்டர் தங்கராஜ் கோல் காக்க, தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம் கொண்டுவந்தார்கள். அன்று நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று சொல்லக் கேள்வி. நம்மவர்கள் எங்கே என்றால், பார்க்கலாம் என்றிருந்திருப்பார்கள்.

விமான நிலையம் செல்லும் மார்க்கத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். டின் ஃபேக்டரி வழியாக ஹெப்பாளைச் சுற்றிப் போவது வடகலை. பூதிகெரே வழியாக வயற்காடுகளினூடே போவது தென்கலை. ஒரு கலையார் மற்றவர் காரில் ஏறமாட்டார். பெங்களூரிலிருந்து தோஹாவுக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய நான்கரை மணி நேரம். அரபிக் கடல் முழுதும் அதில் அடக்கம். மழை பெய்த மாலையில் ஹோப் ஃபார்மிலிருந்து டின் ஃபேக்டரி வரை எத்தனை நேரம் என்பதை நான் எழுதினால் என் மற்றக் கணக்குகளையும் நம்பமாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு பூர்வபக்ஷத்துக்கு விடை கூறியாக வேண்டும். தேச அணியைக் காண அயல்நாடு செல்வானேன், அணியே பெங்களூருக்கு வந்ததே என்பர். வந்தது. 2023 ஜூனில், தெற்காசியக் கோப்பை என்ற பெயரில், லெபனானும் குவைத்தும் தெற்காசியாவில் அடக்கமென்ற நூதன பூகோளத்தை அனுசரித்து, கண்டீரவா மைதானத்தில் நடந்தது. கொட்டும் மழையில் பாகிஸ்தானை நான்கு கோலால் வென்றார்கள். அவற்றுள் மூன்று சுனில் சேத்ரியுடையவை. ஜூலை 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் குவைத்தின் கடைசிப் பெனால்டி உதையை நம் கோல்காவலர் குர்பிரீத் தடுக்க, கோப்பை நமதாயிற்று. ஆனால் அந்நாளில் வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ கே.ஆர்.புரத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து பையப்பனஹள்ளி வரை ரயில் ஓடத் தொடங்கியது அக்டோபரிலேதான். இடைப்பட்ட தூரத்தைப் பஸ்ஸில் கடந்து மறுபடியும் ரயிலேறுவதைவிடத் தோஹா சுலபம் என்று ஆறாம் மாடியார் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கில் பிழையில்லை.

ஐவரில் ஐந்தாமவரைப் பற்றி இதுகாறும் கூறாதொழிந்தேன். அல்சூரை அடுத்த கௌதம்புரத்தில், தெருமுனையில் பேலேவுக்குச் சிலை வைத்துக் கும்பிடும் தமிழர்களிடையே பிறந்து, எங்கள் குடியிருப்பின் மின்சார வேலைகளைக் கவனித்து வருபவர். எட்டு மாதச் சுவடியில் அவர் எழுதியது ஒரே ஒரு வரி: "டிக்கெட் போட்டாச்சு சார்." 'ஆச்சு' என்ற துணைவினை அங்கன்றிச் சுவடியில் வேறெங்கும் பயின்று வரவில்லை, ஆகவே அதை இடைச்செருகல் என்று நான்காம் மாடிப் பேராசிரியர் தள்ளிவிட்டார்.

போகிக்கு முதல்நாள், மாலை ஐந்து மணிக்கு, நால்வரும் என் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கொடியோடு அமர்ந்தோம். இடைவேளை வரை கோலில்லை. ஐம்பதாம் நிமிஷத்தில் ஒன்று, எழுபத்துமூன்றில் ஒன்று, இரண்டும் ஆஸ்திரேலியாவுக்கு. அடுத்தடுத்து உஸ்பெகிஸ்தான் மூன்று, சிரியா ஒன்று. நாம் அடித்தது பூஜ்யம்.

பொங்கல் கழிந்து எங்கள் படிக்கட்டு விளக்கைப் பழுதுபார்க்க வந்த ஐந்தாமவரிடம், "அந்த முதல் கோல் எப்படி விழுந்தது? டி.வி.யில் சரியாகத் தெரியவில்லை" என்றேன்.

"இடைவேளைக்கு டீ வாங்கப் போனேன் சார். பெரிய க்யூ. கத்துறாங்க, என்னான்னு கேட்டா கோலாம்."

"இரண்டாவது?"

"முன்னாடி நம்ம ஆளு ஒருத்தன் இவ்ளோ பெரிய கொடிய விரிச்சுப் புடிச்சுகினு நின்னுட்டான் சார்."

உள்ளேயிருந்து மனைவி, அவராவது ஒழுங்காகப் பார்த்தாரா என்று கேட்டாள். "பார்க்கலையாம்" என்றேன், சொன்ன வாய் மூடுமுன்பே ஏணியின் கீழ் நின்றபடி செல்பேசியை எடுத்து, இரண்டாம் மதமே சித்தாந்தம் எனச் சுவடியில் பதிந்தேன். இன்றுவரை மறுப்பு வரவில்லை. நீலக் குறி விழுந்திருக்கிறது.