சத்தம் போடாதே, சுற்று!

எங்கள் வீட்டில் மிக்ஸி அலறலாம். குக்கர் கூவலாம். மாடி வீட்டில் டைல்ஸ் அறுக்கலாம். மெகா சீரியலில் மாமியார் தலையைத் திருப்பும்போதெல்லாம் இடி இடிக்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் என் கம்ப்யூட்டர் லேசாக 'உர்ர்' என்றால் போதும், "ஏங்க, அது ஏன் இப்படி இரையுது?" என்று சமையலறையிலிருந்து, மிக்ஸியையும் மீறி, குரல் வந்துவிடும்.

என் மனைவியைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே சீராக இருக்கிற சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்குகிற சத்தத்தை மன்னிக்கவே மன்னிக்காது. கம்ப்யூட்டர் ஃபேன் ஏறி இறங்குகிற ஜாதி. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் பிராசசருக்கு ஒரு கணம் உடம்பு சுடும். உடனே ஃபேன் பதறிக்கொண்டு ஓடும். சூடு தணிந்ததும் பெருமூச்சு விட்டு அடங்கும். ஐந்து நிமிஷத்தில் மறுபடி பதறும்.

எனவே சத்தமில்லாத ஃபேன் வாங்குவது என்று தீர்மானித்தேன். இப்படித் தீர்மானிக்கிறவன் முதலில் இழப்பது பணத்தை அல்ல, தூக்கத்தை. ராத்திரி ஒரு மணிக்கு டெசிபல் கணக்குப் படித்துக்கொண்டிருப்பான்.

படித்ததில் ஒன்று மட்டும் பொன்மொழி. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் சரியும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தெரியும். ஆகவே 8 சென்டிமீட்டர் குட்டி ஃபேன் மூச்சிரைக்க ஓடுவதைவிட, 12 அல்லது 14 சென்டிமீட்டர் ஃபேன் சாவகாசமாகச் சுற்றுவது மேல். இன்னொரு வேடிக்கை: ஒரு ஃபேனுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வைத்தால் 3 டெசிபல்தான் கூடும். ஒருவரை விரட்டி வேலை வாங்குவதைவிட, மூன்று பேரை உட்காரவைத்து மெதுவாக வேலை வாங்கினால் அமைதி நிலவும். நம் அலுவலகங்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன.

சத்தமில்லாத ஃபேன் உலகத்தின் ராஜா, ஆஸ்திரியாவின் நோக்டுவா. 2005-இல் தொடங்கிய கம்பெனி. 2018-இல் அவர்கள் கொண்டுவந்த ஒரு ஃபேனுக்கு என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்று பெயர். லாரி நம்பர் இல்லை, பெயர்தான். அதில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே 0.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. நிமிஷத்துக்கு 2000 சுற்றில் ஓடினாலும் சத்தம் 22.6 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி அனுமதிப்பது 45 டெசிபல். எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுக்கிற ஒரு காருக்குக்கூட இந்தச் செய்தி எட்டவில்லை. இத்தனை சாதித்த அந்த ஃபேனின் நிறம் மட்டும் பழுப்பும் சந்தனமும்: பழைய சர்க்கார் ஆஸ்பத்திரிச் சுவர்!

விலையைச் சொன்னேன். மனைவி நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள். "இந்தக் காசுக்கு ஹால் ஃபேனை மாத்தியிருக்கலாம். அது மனுஷங்களுக்காவது காத்து குடுக்கும்" என்றாள். ராஜா ஆஸ்திரியாவிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

உள்ளூர் ஃபேன் தேடி, சென்னை அண்ணா சாலையிலிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். முதல் கடைத் தம்பி உற்சாகமாக ஒரு பெட்டியைப் பிரித்தான்.

"ஆர்ஜிபி சார். ரெயின்போ. ரிமோட் உண்டு."

"சத்தம் எப்படிப்பா?"

"லைட் நல்லா வரும் சார்."

"சத்தம்?"

"போட்டே காட்டறேன், கேளுங்க" என்று ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயரைச் செருகினான். ஃபேன் சுற்றியது. பின்னால் ஆட்டோ ஹாரன், எதிர்க் கடையில் ஸ்பீக்கர் டெஸ்டிங், கட்டை வண்டிக்காரர் "வழி வழி!" என்றார். "கேட்டுச்சா சார்? சத்தமே இல்ல பாருங்க" என்றான். உண்மைதான். அந்த இடத்தில் ஜெனரேட்டரையே வைத்து ஓட்டினாலும் சத்தமே இல்லை.

பக்கத்துக் கடைப் பெரியவர் விஷயம் தெரிந்தவர். "லைட்டை விடுங்க, பேரிங்கைப் பாருங்க" என்றார். மலிவு ஃபேனில் ஸ்லீவ் பேரிங். நம் ஊர்ச் சூட்டில் அதன் எண்ணெய் வற்றிப்போய்க் கரகரக்கும். நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச காலம் ஓடும். "சில பேர் தேங்காய் எண்ணெய் விட்டுட்டு வருவாங்க சார். ஃபேன் சுத்தாது, வாசனை மட்டும் வரும்." ஃப்ளூயிட் பேரிங், நாலு பின், 12 சென்டிமீட்டர், கறுப்பு. மூன்று கட்டிக் கொடுத்தார்.

ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் பின் போட்டு மாட்டினேன். அதிர்வு தகரத்துக்கு இறங்காது. பிறகு பயாஸுக்குள் போய், 60 டிகிரி வரை ஒரே நிதானம், அதற்கு மேல் படிப்படியாக, அதுவும் சில விநாடி யோசித்துவிட்டு வேகமெடு என்று உத்தரவு போட்டேன். காசில்லாத வைத்தியம் இது ஒன்றுதான். பலனும் இதில்தான் அதிகம். ஒன்றை மட்டும் எந்த உத்தரவாலும் மாற்ற முடியாது. அறையில் இருக்கிற காற்றைத்தான் ஃபேன் உள்ளே தள்ளும். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி என்றால், பிராசசருக்கும் குளிர்ச்சி அதற்கு மேல்தான். நமக்கும்தான்.

பலன் அபாரம். கேபினெட்டில் காதை வைத்தால் ஒழிய ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெருமிதத்தோடு, மச்சினி கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, மானிட்டரை அணைத்துப் படுத்தேன். காலையில் பார்த்தால் மெயின் ஸ்விட்ச் ஆஃப். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

"சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அது ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் பில் யார் கட்டறது?" என்றாள் மனைவி.

கேள்வியில் குறை இல்லை. எனவே கம்ப்யூட்டர் உயிரோடிருக்கிறது என்று குடும்பத்துக்கு அறிவிப்பதற்காகவே ஒரு ரெயின்போ ஃபேன் வாங்கப்போகிறேன். காற்று வருகிறதோ இல்லையோ, அந்தத் தம்பி உத்தரவாதம் கொடுத்திருக்கிறான்: லைட் நல்லா வரும்.