அகலச் சாலையில் மெல்லப் போதல்: மூணாறு – போடிமெட்டு நெடுஞ்சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

சாலையை அகலப்படுத்தினால் பயண நேரம் குறையும் என்பது நெடுஞ்சாலைத் துறைகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. திட்ட அறிக்கைகளிலும் திறப்பு விழா மேடைகளிலும் எதிர்ப்பே இல்லாமல் வாழ்ந்துவரும் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களம், கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மூணாறிலிருந்து போடிமெட்டு வரையுள்ள ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 2017இல் தொடங்கிய விரிவாக்கப் பணி, இவ்வழியிலுள்ள கேப் ரோட்டுப் பகுதியின் நிலச்சரிவுகளால் பலமுறை தடைப்பட்டு, ஒருவழியாக முடிந்து, 2024 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியால் திறந்துவைக்கப்பட்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று அடக்கமாகக் கணக்குப் போட்டாலும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் தூரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூணாறை விட்டுக் கிளம்பும் குடும்பம் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பூப்பாறையைத் தாண்டியிருப்பதில்லை. மிச்சமான நேரம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. நல்ல சாலை மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரம் முழுவதும் அந்தச் சாலையிலேயே செலவாகிவிடுகிறது. இதை ‘மிச்ச நேர விதி’ என்று அழைப்போம்.

விதிக்கான முதல் சான்று, பழைய சாலையின் இயல்பில் இருக்கிறது. அங்கேயும் வண்டிகள் மெல்லத்தான் போயின. எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். ஓட்டுநரின் கண் குழியை விட்டு நகராது. தேயிலைச் சரிவும் ஏலக்காட்டு நிழலும் இருபுறம் விரிந்திருக்க, பயணி கண்டதெல்லாம் முன்னால் போன லாரியின் பின்பக்கம்தான். அது தாமதமே ஒழிய நிதானம் ஆகாது. நிதானமாகப் போக வேண்டுமானால், வேகமாகப் போகவும் முடிகிற சாலை வேண்டும். விரிவாக்கத்தின்போது இருபுறமும் தார் போட்ட ஓரம் கிடைத்தது. பழுதான வண்டி ஒதுங்கவும் நடப்பவர் நடக்கவும் பொறியாளர்கள் நினைத்துப் போட்ட அந்த ஓரம், இன்று தெருத் திண்ணையாகிவிட்டது. “அண்ணே, ஓரமா நிறுத்துங்க, ரெண்டே நிமிஷம்” என்ற குரல் பின்சீட்டிலிருந்து எழும். நாலு பக்க இண்டிகேட்டரும் சிமிட்டத் தொடங்கும்; எஞ்சினும் அணைக்கப்படாது. இவ்விரண்டும் ‘நாங்கள் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறோம்’ என்பதற்கான சட்டபூர்வ அத்தாட்சிகள். பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பிள்ளைகளுக்கு மசாலா தடவிய சோளம் வரும். படம் எடுத்தவர் படத்தில் இல்லை என்பது தெரியவந்து, மறுபடி ஒரு படம் எடுக்கப்படும். அரை மணி கழித்துத்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது ஓட்டுநருக்கு நினைவு வரும்.

இந்த விதிக்கு உலகளாவிய முன்னோடிகளும் உண்டு. கொடுத்த நேரம் நிரம்பும் அளவுக்கு வேலை வீங்கும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955இல் எழுதினார். நகர விரைவுச் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் நெரிசல் நேரத்தில் அது மறுபடி நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962இல் நிறுவினார். டவுன்ஸின் சாலையை வண்டிகள் நிரப்பின. நம் சாலையை நிரப்புவது ஓய்வு. அவருடைய சாலையில் நின்றவர்கள் சபித்தார்கள், இங்கே நிற்பவர்கள் சோளம் தின்கிறார்கள். மற்றபடி இரண்டும் ஒரே கோட்பாடுதான்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். வண்டிகள் நிற்பதற்குக் காரணம் யானை, அகலம் அல்ல என்பது முதல் மறுப்பு. சின்னக்கானலில் உலவிய காட்டு யானை அரிக்கொம்பன் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு, பெரியார் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டான். அதற்குப் பிறகும் ஆனையிறங்கல் அணைப் பக்கம் வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன, அவன் நின்ற இடத்தைப் பார்ப்பதற்காக. உண்மையில் யானை எதிரே வந்தால் யாரும் நிதானமாக நிற்பதில்லை. இந்தச் சாலையின் உச்ச வேகம் அப்போதுதான், அதுவும் ரிவர்ஸ் கியரில், எட்டப்படுகிறது. சுங்கச்சாவடிதான் நேரத்தைத் தின்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் நிற்காது. காட்சிமுனையில் அரை மணி நின்றவர்தான் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்க ஆகும் சில நொடிகளுக்குப் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கிறார். தானாக விரும்பிச் செலவழிக்கும் நேரத்துக்கு இவர் கணக்கு வைப்பதில்லை; பிறர் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வைக்கிறார். ஆக, இந்த மறுப்பு நம் விதிக்கே சாட்சி சொல்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடியுமுன் கிளம்பி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைச் சுமக்கும் ஜீப்புகள் எந்தக் காட்சிமுனையிலும் நிற்பதில்லை. அவர்களுக்குச் சாலை உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறதே, விதி பொய்யாகாதா? ஆகாது. தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கே இந்த விதி பொருந்தும். சம்பளம் பேசப்பட்ட நேரம் எந்தச் சாலையிலும் வேகமாகத்தான் ஓடும். மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அழியும் வரை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. அந்தப் பெட்டிகளும் இந்த மலையழகை ரசிக்க ஒருபோதும் நின்றதில்லை. மலையில் வேகம் சரக்குக்கும் கூலிக்கும் உரியது. நிதானம், கொடுத்து வைத்தவர்களுக்கு.

ஆகவே நமது பரிந்துரை இதுதான். திட்ட அறிக்கையில் ‘பயண நேரச் சேமிப்பு’ என்ற தலைப்பில் ஜீப்பையும் லாரியையும் மட்டும் கணக்கெடுக்க வேண்டும். கார்களை அங்கிருந்து நீக்கி, ‘தங்கும் வசதி’ என்ற தலைப்பில் சேர்த்துவிடலாம். சாலைச் செலவில் பாதியைச் சுற்றுலாத் துறையிடம் கேட்டு வாங்கவும் அப்போது வழி பிறக்கும்.