ஆடியில் ஒரு தைப்பொங்கல்

வெளிநாட்டு விளம்பரக் கம்பெனிக்காரன் கிறிஸ்துமஸ் படத்தை எப்போது வாங்குகிறான் தெரியுமா? ஆகஸ்ட் வாக்கில் தேட ஆரம்பித்து, நவம்பருக்குள் வாங்கி முடித்துவிடுகிறான். டிசம்பர் பாதியில் அவனுக்குப் பண்டிகையே முடிந்துவிடும். அதனால் ஸ்டாக் போட்டோ (யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ள முன்கூட்டியே எடுத்து வைக்கும் படம்) விற்கிறவன் எந்தப் பண்டிகைக்கும் நாலைந்து மாதம் முன்னாலேயே படத்தை ஏற்றி வைத்துவிட வேண்டும். யூட்யூபில் இந்த விதியைக் கேட்ட கையோடு நான் செய்த முதல் காரியம், ஆடி மாதத்தில் வாசலில் பொங்கல் பானை வைக்கச் சொன்னது.

"ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குப் பொங்கல்னு தெருவுல சொல்லிச் சமாளிச்சுக்கலாம். கரும்புக்கு எங்கங்க போவீங்க?" என்றாள் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்தவள். எந்த மாதத்துக்கு எது என்பதில் அவளிடம் பேரம் நடக்காது.

ராஜபாளையம் முழுக்கச் சுற்றியும் செங்கரும்பு கிடைக்கவில்லை. கடைசியில் கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் இரண்டு கழி வாங்கி வந்தேன். ஒல்லி, வெளுப்பு, போதாக்குறைக்குப் பாதித் தோலைச் சீவி வைத்திருந்தார். கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்துப் பூசினால் செங்கரும்பாகிவிடும் என்பது என் கணக்கு. பூசியபின் அது கோவில் மதில் மாதிரி இருந்தது. மிச்சத் தோலைச் சீவப் போய் ஆள்காட்டி விரலையும் சீவிக்கொண்டேன். விவரமானவர்கள் தையில் எடுத்த படத்தை ஆடியில் ஏற்றுவார்களாம். அதைச் சொல்ல என் மருமகன் அன்று சாயங்காலம்தான் வந்தான்.

தொழிலுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. 'காப்பி ஸ்பேஸ்' என்றால், வாங்குகிறவன் எழுத்துப் போட்டுக்கொள்ள படத்தில் விடும் காலியிடம். தட்டில் பால்கோவாவை ஓரமாக ஒதுக்கி வைத்துப் படமெடுத்தேன். "பாதித் தட்டுக்கு எங்க அம்மா வீட்டுல பால்கோவா இல்லாமப் போச்சா?" என்று மனைவி கேட்டாள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அவள் ஊர்ப் பண்டத்தை அவமானப்படுத்திவிட்டேனாம்.

'ஐசொலேட்டட்' என்றால் பின்னணி வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். ராஜபாளையம் நாயை விட்டால் இதற்கு வேறு ஆள் ஏது? 2005-இல் அஞ்சல் தலையிலேயே ஏறிய நாய். எதிர்வீட்டு அண்ணாச்சியைக் கெஞ்சி நாயைக் கூட்டிவந்து, கொடியில் என் கல்யாணப் பட்டு வேட்டியைக் கட்டி அதன் முன்னால் நிறுத்தினேன். வெள்ளை வேட்டி, வெள்ளை நாய், உச்சி வெயில். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு மூக்கு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அண்ணாச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம நாய்தானா சார்?" என்றார்.

'மாடல் ரிலீஸ்' இன்னும் வில்லங்கம். முகம் அடையாளம் தெரிந்தால், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். விறகடுப்பில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்த மாஸ்டரிடம் தாளை நீட்டினேன். கரண்டியை நிறுத்தாமலே, "யாருக்கு சார் ஜாமீன்?" என்றார். கிண்டுவதை நிறுத்தினால் பால் அடிப்பிடிக்கும்; கையெழுத்துப் போட்டால் குடும்பமே அடிப்பிடிக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முகம் வேண்டாம் என்று கரண்டியோடு கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்குவது? அதற்குத்தான் 'எடிட்டோரியல்'. செய்திக்கும் கட்டுரைக்கும் போடலாம், விளம்பரத்துக்குக் கூடாது. ஊர், நாடு, தேதி என்று ஆரம்பித்து விவரக்குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று நாங்கள் மார்தட்டும் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பதினொரு நிலைக் கோபுரத்தைப் பல கோணத்தில் எடுத்து அனுப்பினேன். 'சிமிலர்' என்று திரும்பி வந்தது. ஒரே மாதிரிப் படங்களாம். கோபுரம் ஒன்றுதானே ஐயா இருக்கிறது!

நான் படம் ஏற்றும் ஷட்டர்ஸ்டாக் தளத்தை 2003-இல் தொடங்கிய ஜான் ஓரிஞ்சர், தானே எடுத்த 30,000 படங்களைப் போட்டுக் கடை திறந்தாராம். இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

வரும்படி விஷயத்துக்கு வருவோம். 2020 ஜூனிலிருந்து அங்கே படம் எடுத்தவனுக்குப் பங்கு 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படி. வருஷத்தில் எத்தனை படம் விற்கிறதோ அதைப் பொறுத்து ஏறலாம். ஜனவரி 1 வந்ததும் எல்லாரும் மறுபடி முதல் படி. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்து ஆடும் பரமபதத்திலாவது பாம்பு சிலரைத்தான் கடிக்கும். இங்கே ஒருத்தர் பாக்கியில்லை. அந்த ஜனவரியிலேயே விற்பனையும் மந்தம். ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்குக் கோடை விடுமுறை, அப்போதும் படுத்துவிடும். செப்டம்பரில் எழுந்து நவம்பர் வரை ஓடும். வாரத்திலும் சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது, வாங்க ஆள் இருக்காது. இது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை, "வெள்ளைக்காரன் லீவு. மாவாட்டிட்டு வாங்க" என்று எழுப்பிவிட்டாள்.

விற்ற படம் எது என்றுதானே கேட்கிறீர்கள்? கோபுரம் இல்லை, தேர் இல்லை, மூக்கும் இல்லை. கரும்பு சீவிய விரலுக்குக் கட்டுப் போட மனைவி எடுத்து வைத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிச் சுருள். வெள்ளை மேஜைமேல் அது பாட்டுக்குக் கிடந்ததைச் சும்மா ஒரு கிளிக். முகம் கிடையாது, கையெழுத்து வேண்டாம். விரலை அறுத்துக்கொள்ள ஆடியென்ன, தையென்ன? 'எவர்கிரீன்' என்பார்கள்.

கிடைத்தது 10 சென்ட். 25 டாலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். இன்னும் 249 பேர் வாங்க வேண்டும். வாசகர்களில் விளம்பரக் கம்பெனி நடத்துகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து டிசம்பர் 31-க்குள் வாங்கிவிடுங்கள்.